தாமதத்துக்குக் காரணம்

உட்காருங்கள் தம்பி. அந்த ஓரத்தில் வேண்டாம், ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது. இப்படி வாருங்கள். உள்ளே போயிருப்பது உங்கள் வீட்டிலா? ஸ்கேனா? அடிவயிற்று வலி. ம். எத்தனை நாளாய் இருக்கிறது? பன்னிரண்டு நாளா. பன்னிரண்டு நாளில் கூட்டி வந்துவிட்டீர்கள்.

நான் ஸ்கேனுக்கு வந்தவன் இல்லை. எதிரே கம்பி போட்ட சன்னல் தெரிகிறதே, ரெக்கார்டு செக்‌ஷன், எனக்கு அங்கேதான் வேலை. பத்து மணிக்குத் திறக்கும் என்று போர்டு சொல்கிறது. போர்டு மட்டும்தான் சொல்கிறது. என் மனைவி இந்த ஆஸ்பத்திரியில்தான் இறந்தாள். ஐப்பசி வந்தால் இரண்டு வருஷம். அவளைச் சேர்த்த அன்று டாக்டர் எழுதிய கேஸ் ஷீட்டில் ஒரு வரி பொய்யாக இருக்கிறது. அந்த வரியைக் கோடு போட்டு அடித்துத் தர வேண்டும். நஷ்டஈடு கேட்கவில்லை. யாரையும் வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. ஒரு வரி. இது ஒன்பதாவது மனு.

என்ன வரி என்றா? நோய் முற்றிப்போய் வருகிறவர்கள் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அந்தக் காகிதத்தில் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். தாமதத்துக்குக் காரணம். அதற்கு எதிரே 'நோயாளியின் பயம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சண்முகக்கனிக்குப் பயமாம். உப்பு லாரியின் முன்சக்கரத்துக்கு முன்னால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தவள் தம்பி அவள். டிரைவர் ஆரன் அடிக்கிறான், இவள் படுத்தபடியே 'காது கேக்குதுய்யா, எதுக்குக் கத்துதே' என்கிறாள். அவளுக்குப் பயம்.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. எனக்குப் பிறகு அவளைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. மிச்சம் இருக்கப்போவது இந்தக் காகிதம் ஒன்றுதான். அதில் போய் அவளைப் பயந்தவள் என்று விட்டுவிட்டு நான் எப்படிச் சாவது, சொல்லுங்கள்.

என் பெயர் ஆத்திமுத்து. உங்கள் வயசுக்குத் தெரிந்திருக்காது. உப்பளத்துப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள், நல்லதோ கெட்டதோ ஏதாவது சொல்வார்கள். ஐந்தாம் வகுப்போடு அளத்துக்குப் போனவன். எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் பிரசுரங்கள்தான். எட்டுப் பக்கம், பதினாறு பக்கம், நடுவில் ஒரு பின் குத்திய பழுப்புக் காகிதம். அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன், பிறகு வரியாய்ப் படித்தேன், பிறகு நானே எழுதினேன். முப்பத்தெட்டு வருஷத்தில் நானூறு நோட்டீஸாவது எழுதியிருப்பேன். பதினான்கு தடவை உள்ளே போயிருக்கிறேன். இப்போது சங்கத்தின் கௌரவத் தலைவர். கௌரவத் தலைவர் என்றால் மேடையில் நாற்காலி உண்டு, மைக் கிடையாது.

உப்பளம் பார்த்திருக்கிறீர்களா? பஸ்ஸில் போகும்போது வெள்ளையாய்த் தெரியும், அழகாய் இருக்கும். இறங்கிப் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி, வரப்பு, பாத்தி, வரப்பு. மறைவுக்கு ஒரு உடைமரம் கிடையாது. ஆண் பிள்ளை திரும்பி நின்றால் முடிந்தது. பொம்பிளை என்ன செய்வாள்? தண்ணீர் குடிக்க மாட்டாள். விடிவதற்கு முன்னால் வந்து, அந்த வெயிலில், உப்புப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, மத்தியானம் வீடு போய்ச் சேரும்வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு கிடப்பாள். அதில் எரிச்சல், கடுப்பு, அடிவயிற்றில் வலி. இதெல்லாம் நானாகச் சொல்வது இல்லை. டாக்டர்களே சொன்னதுதான். அளத்தில் யாரைக் கேட்டாலும் வலி. நூறு வருஷமாய் வலி. யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வைத்தவன் நான்.

அது பெருமையா இல்லையா? ஆம்பிளை ஒருத்தன் பொம்பிளைகளை உட்கார வைத்து, 'உங்களுக்கு அடிவயிற்றில் வலி இருக்கிறதா' என்று கேட்கிறான். முதலில் சிரித்தார்கள். பேச்சித்தாய் என்று ஒருத்தி, கனிக்குக் கூட்டாளி, வாய் கொஞ்சம் நீளம். 'தலைவரு கூலி உயர்வு எல்லாம் முடிஞ்சு இப்ப பாவாடைக்குள்ள வந்துட்டாரு' என்றாள். கனி எழுந்து நின்றாள். 'எனக்கு வலி இருக்கு. எழுதிக்கிடுங்க' என்றாள். முதல் பெயர் அவள்தான். அதற்குப் பிறகு இருநூற்றுப் பதினோரு பேர்.

படிவம் அச்சடித்தோம். பெயர், வயது, எத்தனை வருஷ வேலை, வலி எங்கே, வலிக்குக் காரணம். எழுதத் தெரியாத பொம்பிளைகள் தானே, ஒவ்வொருத்தியும் ஒவ்வொன்று சொன்னால் வழக்கு நிற்காது என்று காரணத்தை மட்டும் நானே அச்சிலேயே போட்டுவிட்டேன். 'பணியிடத்தில் கழிப்பறையும் குடிநீரும் இல்லாமை.' ரேகை வைத்தால் போதும். இருநூற்றுப் பன்னிரண்டு படிவம், ஒரே காரணம். தொழிலாளர் அதிகாரி மேசையில் கட்டாய் வைத்தபோது அந்த ஆள் எழுந்து நின்றுவிட்டார். போராட்டம் என்றால் அப்படி இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு திசையில் இழுத்தால் அது போராட்டம் இல்லை, சந்தை.

கனியின் வலி கொஞ்சம் வேறு மாதிரிதான் இருந்தது. அதை இப்போதுதான் சொல்கிறேன். அப்போது எல்லா வலியும் ஒன்றுதான் எனக்கு. எரிச்சல் இல்லை என்பாள், கடுப்பு இல்லை என்பாள், இடது பக்கம் உள்ளே எதையோ வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்பாள். இரண்டு வாய் சோறு தின்றால் வயிறு நிறைந்துவிடும். துண்டை முறுக்கி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். ஊர்வலத்துக்கும் அப்படித்தான். அப்புறம் வயிறு லேசாய்த் தள்ள ஆரம்பித்தது. நாற்பத்தொன்பது வயசு. அளத்துப் பொம்பிளைகள் விடுவார்களா? 'மதினி, தலைவரு வீட்லயும் போராட்டம் தொடங்கிட்டாரு போல, வெற்றி தெரியுதே' என்று பேச்சித்தாய் சொன்னாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். கனியும் சிரித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நெடுநேரம் அடுப்படியில் வயிற்றைத் தடவிக்கொண்டே நின்றாள். நான் நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தேன். 'என்னா' என்றேன். 'ஒண்ணுமில்ல, இருபது வருசம் முந்தி வந்திருக்கக் கூடாதா இந்த வயிறு' என்றாள்.

நான் எழுதிக்கொண்டிருந்தது நல்ல நோட்டீஸ். 'நிர்வாகமே, எங்கள் பெண்களின் வயிற்றுக்குப் பதில் சொல்.' ஊரே பேசியது அதை.

பங்குனி மாசம் நிர்வாகம் ஒரு வேலை செய்தது. கம்பெனி பெயர் வேண்டாம், இன்னும் வழக்கு இருக்கிறது. இலவச மருத்துவ முகாம் என்று அறிவித்தார்கள். பெண்களுக்கு மட்டும். வெளியூரிலிருந்து லேடி டாக்டர்கள். வேனுக்குள்ளேயே ஸ்கேன் மிஷின். எனக்குப் படித்த உடனே புரிந்துவிட்டது. எதற்கு இத்தனை கரிசனம்? ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு வியாதி என்று எழுதி வாங்குவான். இவளுக்குக் கல், அவளுக்குக் கட்டி, இன்னொருத்திக்குக் குடல்வால். கழிப்பறை எங்கே போகும்? காற்றில் போகும். வழக்கை உடைக்க வந்த வேன் அது. இன்றைக்கும் சொல்வேன், அது அதற்குத்தான் வந்தது.

முகாமைப் புறக்கணிப்போம் என்று தீர்மானம் போட்டோம். ஒருத்தியும் அந்த மேசையில் படுக்கக் கூடாது.

அன்று காலையில் கனி குளித்து, நல்ல சேலை உடுத்திக்கொண்டு நின்றாள். நீலத்தில் மஞ்சள் பூப் போட்டது. மறியலுக்கு எதற்கு இந்தச் சேலை என்று கேட்டேன்.

'நான் ஒரு படம் மட்டும் பிடிச்சுக்கிடுதேன்' என்றாள். 'கையெழுத்து ஒண்ணும் போடமாட்டேன். பின்பக்கமாப் போயிட்டு வந்துருவேன்.'

'அந்தப் படத்தைத்தான் விசாரணையில காட்டுவான். தலைவரு பொண்டாட்டிக்கே வேற சீக்கு, கக்கூசு காரணம் இல்லன்னு சொல்லுவான். முதல் படிவம் உன்னோடது.'

'எனக்கு வேற சீக்கு இருந்தா?'

'இருக்காது.'

'அது எப்படித் தெரியும் உங்களுக்கு?'

என்ன சொன்னேன் தெரியுமா? 'விஞ்ஞானப்பூர்வமா' என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. சின்னப் பிள்ளை ஏதோ பெரிய வார்த்தை பேசினால் பார்ப்பார்களே, அப்படி. 'விசாரணை முடியட்டும், கனி. நானே கூட்டிப் போறேன். பெரிய ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போறேன்' என்றேன். 'சரி தலைவரே' என்றாள். கோபம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் என்னைத் தலைவரே என்பாள். அன்றைக்கு எது என்று தெரியவில்லை.

சேலையை மாற்றவில்லை. அதே நீலச் சேலையோடு வந்து முகாம் வாசலில் முதல் வரிசையில் கொடி பிடித்து நின்றாள். நான்கு மணி நேரம். வேன் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மேசை, வெள்ளைத் துணி, டி.வி. மாதிரி ஒரு பெட்டி, எல்லாம் தெரிந்தது. பத்தடி தூரம் இருக்கும். இங்கிருந்து அந்தத் தண்ணீர்க் குழாய் இருக்கிற தூரம்.

பதினோரு பேர் பின்பக்கமாய் உள்ளே போய்விட்டார்கள். கருங்காலிகள். அதில் ஒருத்தி பேச்சித்தாய். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். நான் அவளைச் சங்கத்திலிருந்து நீக்கினேன். நோட்டீஸ் போட்டு நீக்கினேன். இப்போது நன்றாய்த்தான் இருக்கிறாள். போன வாரம்கூடப் பார்த்தேன், இரண்டு பேர் தூக்க வேண்டிய மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறாள். நான் பேசுவதில்லை. தீர்மானம் இன்னும் ரத்தாகவில்லை.

விசாரணை ஒத்திவைத்துக்கொண்டே போனார்கள். சித்திரை என்றார்கள், வைகாசி என்றார்கள். ஆடியில்தான் வந்தது. இந்த ஒத்திவைப்புதான் அவளைக் கொன்றது, அதற்கும் தனியாக மனு போட்டிருக்கிறேன். விசாரணையில் நிர்வாகத்தின் வக்கீல் எழுந்து, 'மருத்துவ ஆதாரம் உண்டா' என்று கேட்டான். கனி எழுந்து, 'வயித்தைத் தொட்டுப் பாருங்கய்யா' என்றாள். அவன் உட்கார்ந்துவிட்டான். அன்றே பாதி ஜெயித்துவிட்டோம். வெளியே வந்து எல்லாரும் கை தட்டினார்கள். அவள் படியில் இறங்கினாள், இரண்டாவது படியில் உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்துவிட்டாள்.

இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்தோம். ஒரு லேடி டாக்டர், சின்ன வயசு, முகத்தில் தூக்கம் இல்லை. கேள்வி கேட்டார். எப்போதிலிருந்து வலி என்றார். 'மூன்று தலைமுறையாய்' என்றேன். 'உங்க மனைவிக்கு எப்போ இருந்து' என்றார். நான் உப்பளத்தின் நிலைமையை விளக்கினேன். கழிப்பறை, குடிநீர், படிவம், விசாரணை. எல்லாம் சுருக்கமாய்த்தான் சொன்னேன், ஒரு கால் மணி நேரம். அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டு, 'அண்ணாச்சி, வலி அவங்களுக்கு. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, அவங்க பேசட்டும்' என்றார்.

கதவைச் சாத்திவிட்டார்கள். இந்தப் பெஞ்சுதான். இங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

அரைமணி கழித்து உள்ளே விட்டார்கள். 'என்ன கேட்டாங்க' என்றேன். 'கேட்டாங்க, சொன்னேன்' என்றாள். 'என்ன சொன்னே?' 'என் வலியைத்தான் சொன்னேன். உங்க போராட்டத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல, பயப்படாதீங்க.'

பயப்படாதீங்க என்று எனக்குச் சொன்னவள் தம்பி. அவளைப் போய் இவர்கள் பயந்தவள் என்கிறார்கள்.

சினைப்பையில் புற்று. வயிறு முழுக்கப் பரவி, தண்ணீர் கோத்துக்கொண்டு இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தவளின் வயிற்றிலிருந்து மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள். நான் அந்த டாக்டரிடம் கேட்டேன், காரணம் என்ன என்று. உப்பா, வெயிலா, அடக்கி வைத்ததா, எது, ஒன்றைச் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள். 'பிள்ளை பெறாதவங்களுக்குக் கொஞ்சம் அதிகமா வரும்னு சொல்லுவாங்க. பரம்பரையா வரலாம். காரணமே இல்லாமலும் வரும்' என்றார். காரணமே இல்லாமல். நான் படித்த எந்தப் பிரசுரத்திலும் காரணம் இல்லாமல் ஒன்று நடந்ததாய் இல்லை. பஞ்சத்துக்குக் காரணம் உண்டு, யுத்தத்துக்குக் காரணம் உண்டு, கூலி குறைவுக்குக் காரணம் உண்டு. என் பெண்டாட்டி சாவதற்கு மட்டும் கிடையாதாம். நான் விடவில்லை. அதற்கென்று தனியாக மூன்று மனு போட்டேன். பதில், 'உறுதியாகக் கூற இயலாது.'

இன்னொன்றும் கேட்டேன் அவரிடம். பங்குனியிலேயே பார்த்திருந்தால்? அந்தப் பெண் கேஸ் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இப்போ அதைப் பேசி என்ன அண்ணாச்சி' என்றார். டாக்டர்கள் நேர்ப் பதில் சொல்லமாட்டார்கள். அதுவும் ஒரு வர்க்கம்தான்.

வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது. யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். பேச்சித்தாய். நான் அவளை நீக்கிய நோட்டீஸ் அவள் வீட்டுச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அவள் கஞ்சித் தூக்கோடு வந்து நின்றாள். 'தலைவரே, நீங்க சங்கத்துல இருந்துதான தள்ளினீங்க. மதினிகிட்ட இருந்து இல்லல்லா' என்றாள். வழி விட்டேன். வேறு என்ன செய்ய?

புரட்டாசியில் உத்தரவு வந்தது. ஜெயித்துவிட்டோம் தம்பி. மூன்று கழிப்பறை, சிமெண்டுக் கட்டடம், தகரக் கதவு, வெளியே பெண்கள் என்று எழுதி ஒரு படம். திறப்பு விழா அன்று எனக்கு மைக் கொடுத்தார்கள். நாற்பது நிமிஷம் பேசினேன். எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசினேன். மாலையோடு நேராக இங்கே வந்தேன். அவள் ரொம்பச் சுருங்கிப்போயிருந்தாள், வயிறு மட்டும் இருந்தது. ஒவ்வொன்றாய்க் கேட்டாள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா? இருக்கு. மேலே சன்னல் இருக்கா, எட்டிப் பாக்க முடியுமா? முடியாது. தண்ணி வருதா?

வருது என்றேன்.

தண்ணீர் வரவில்லை. தொட்டி கட்டினார்கள், குழாய் கொடுக்கவில்லை. இன்றுவரை கொடுக்கவில்லை. பூட்டித்தான் கிடக்கிறது, சாவி கங்காணியிடம். நான் அவளிடம் சொன்ன ஒரே பொய் அது. வேறு ஒரு பொய்யும் சொன்னதில்லை, வேண்டுமானால் யாரையும் கேளுங்கள்.

'நல்லது' என்றாள். பேச்சித்தாயிடம், 'எனக்கும் ஒரு தம்ளர் தண்ணி குடு' என்றாள். குடித்தாள். தங்கவில்லை, உடனே வந்துவிட்டது. பன்னிரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தாள். நான் பக்கத்தில் இல்லை. தண்ணீர்க் குழாய்க்காக மனுக் கொடுக்கப் போயிருந்தேன்.

அதற்கப்புறம் தகவல் உரிமையில் கேட்டு இந்தக் கேஸ் ஷீட்டின் நகலை வாங்கினேன். இங்கிலீஷில் இருக்கிறது. நான் இங்கிலீஷ் காகிதம் படிப்பதில்லை. தெரியாது என்று இல்லை, அது ஒரு கொள்கை. தமிழ்நாட்டில் தமிழனின் வியாதியைத் தமிழில் எழுத வேண்டும். தமிழில் கொடு என்று தனியாக இரண்டு மனு போட்டேன், கொடுக்கவில்லை. அந்தச் சன்னலில் இருந்த பெண்தான் மேலோட்டமாய்ப் பார்த்துவிட்டு, 'பேஷண்ட் பயந்துக்கிட்டு வரலைன்னு போட்டிருக்கு பெரியவரே' என்றாள். அவ்வளவுதான், எனக்குக் கண் மண் தெரியவில்லை. பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சங்கத்துப் பையன்களிடம் காட்டவில்லை. அவர்கள் இதை வாசித்துவிட்டு டீக்கடையில் பேசுவார்கள். கனியின் வயிறு டீக்கடைக்குப் போக வேண்டாம் என்று சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு இங்கிலீஷ் வருமா தம்பி? பி.காமா. அப்படியானால் ஒரு உதவி. எந்த வரியை அடிக்க வேண்டுமோ அதை ஒரு எழுத்து விடாமல் மனுவில் எடுத்து எழுதணும் என்று போன வாரம் இங்குள்ள அதிகாரி சொல்லிவிட்டார். இந்தாருங்கள். மடிப்பில் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிடியுங்கள். இரண்டாம் பக்கம், கீழே. நீங்கள் தமிழில் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.

தாமதத்துக்குக் காரணம். ஆமாம், அதுதான். நோயாளியின் பயம். அதேதான். அங்கே முற்றுப்புள்ளியா? இல்லையா? இன்னும் இருக்கிறதா? எவ்வளவு, இரண்டு வரியா? அந்தச் சன்னல் பெண் சொல்லவில்லையே.

ஏன் நிறுத்திவிட்டீர்கள்? படியுங்கள். என்னவானாலும் படியுங்கள், நான் எத்தனையோ குற்றப்பத்திரிகை கேட்டவன்.

'நோயாளி கூறுவது.' ம். 'கணவர் பலமுறை கூப்பிட்டும்'...

இருங்கள். கணவர் என்றா இருக்கிறது? நன்றாய்ப் பாருங்கள், டாக்டர்களின் கையெழுத்தில் ஒரு எழுத்து இன்னொன்று போல இருக்கும். சரி. கணவர்தானா. சரி, மேலே. 'கணவர் பலமுறை கூப்பிட்டும், இலவச முகாமுக்கு அழைத்துப் போக அவர் தயாராக இருந்தும், ஸ்கேனுக்குப் பயந்து தானே மறுத்துவிட்டதாகக் கூறுகிறார். கணவரைக் குறை சொல்ல வேண்டாம் என்கிறார்.'

அப்படியா இருக்கிறது? கடைசியில் அப்படியா எழுதியிருக்கிறது?

இன்னொரு தடவை படியுங்கள். மெதுவாய்.

பலமுறை. எத்தனை முறை என்று போடவில்லையே? இல்லை.

ஒரு முறைகூட இல்லை தம்பி. ஒரு முறைகூட நான் கூப்பிடவில்லை.

நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இதைச் சொல்லியிருக்கிறாள். வலியில் நிமிர முடியாமல் கிடந்தவள், யோசித்து, வரிசையாய், நோட்டீஸ் மாதிரி சொல்லியிருக்கிறாள். அந்த டாக்டர் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் நான் பங்குனியைப் பற்றிக் கேட்டபோது காகிதத்தை விட்டுத் தலை நிமிரவில்லை.

நிர்வாகம் என்னைப் பற்றி எவ்வளவு பொய் அச்சடித்திருக்கிறது தெரியுமா? கை நீட்டி வாங்கினான் என்று, உண்ணாவிரதத்தில் வாழைப்பழம் தின்றான் என்று. ஒவ்வொன்றுக்கும் மறுநாள் விடிவதற்குள் பதில் நோட்டீஸ் சுவரில் இருக்கும். எனக்கு எதிராகச் சொன்ன பொய்க்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது? எட்டு மனு போட்டிருக்கிறேன், அவள் சொன்னதை அடி, அடி என்று. அவள் கடைசியாய் எனக்குச் செய்ததை அடி என்று.

சன்னல் திறந்துவிட்டான் போலிருக்கிறது. என் பெயரைத்தான் கூப்பிடுகிறான். கூப்பிடட்டும்.

மனுவை மாற்ற வேண்டும். இந்தாருங்கள் காகிதம். நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள். ஐயா என்று போட்டுக்கொள்ளுங்கள். 'மேற்படி சண்முகக்கனி பயப்படவில்லை.' அது இருக்கட்டும், அது உண்மை. அடுத்த வரி. 'முகாமுக்குப் போகிறேன் என்று அவரே கேட்டார். கணவர்தான் விடவில்லை.' விடவில்லை, ஆமாம். ஏன் விடவில்லை என்றா? காரணம் எழுத வேண்டாம். காரணம் ஒன்றும் எழுத வேண்டாம் தம்பி, அப்படியே விடுங்கள்.

அது உங்கள் வீட்டம்மாவா, வெளியே வந்து உங்களைத் தேடுகிறார்கள்? போங்கள். இல்லை, இல்லை, காகிதத்தைக் கொடுங்கள், மீதியை நானே எழுதிக்கொள்கிறேன். எழுந்து போங்கள், அவர்களை நிற்க வைக்காதீர்கள்.